பெரிய மாதிரி விமான எஞ்சினுக்குப் பெட்ரோல் கலப்பது: ஒரு குழித்துறைப் பட்டறைக்காரனின் முறை

இந்த இருவீச்சு எஞ்சின்களுக்குள் வழுக்கல் தருவது பெட்ரோலோடு கலந்து ஊற்றும் ஆயில்தான். ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை மில்லி ஆயில் என்று கேட்டுக்கொண்டுதான் எல்லோரும் என் பட்டறைக்குள் நுழைகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: பெட்ரோல் என்றைக்கு வாங்கியது, எதில் வைத்திருந்தீர்கள்? ஆயில் கணக்கை எஞ்சினோடு வந்த தாளே சொல்லிவிடும். ஆனால் அந்தத் தாளை எழுதியவருக்கு நம் ஊர்ப் பெட்ரோலும் தெரியாது, ஜூனில் இறங்கும் இடவப்பாதி மழையும் தெரியாது.

குமரி மாவட்டத்துக் குழித்துறையில் புல்வெட்டியும் செயின்சாவும் பழுதுபார்ப்பது என் தொழில். குலசேகரம், திற்பரப்புப் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்துதான் பெரும்பாலும் வேலை வரும். ரேடியோவால் ஓட்டும் மாதிரி விமானம் அக்காள் மகன் வழியாக வந்த பைத்தியம். அவன் முதல் பெரிய எஞ்சினைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் தினமும் கழற்றும் அதே வகை வால்ப்ரோ கார்புரேட்டர், அதே டயாபிரம் என்ற ரப்பர் சவ்வு, பெட்ரோல் அளவைத் திருகிச் சரிசெய்யும் அதே இரண்டு நீடில். ஸெனோவா நிறுவனம் புல்வெட்டியும் செய்கிறது, ஜி-62 என்ற 62 சிசி விமான எஞ்சினும் செய்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆகவே இதைத் தோட்டத்து இயந்திரத்தின் தம்பியாக நினைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

முதலில் எது எந்த எரிபொருள் குடிக்கும் என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சிறிய விமானங்களில் வரும் குளோ எஞ்சினுக்குப் பெட்ரோல் ஆகாது. அதற்கு மெத்தனால், கொஞ்சம் நைட்ரோமீத்தேன், ஐந்தில் ஒரு பங்கு வரை ஆயில் சேர்ந்த கலவை வேண்டும். பிளக்கில் உள்ள பிளாட்டினக் கம்பியும் மெத்தனாலும் சேர்ந்துதான் அங்கே தீப்பிடிக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.4 போதும். அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல் மெத்தனால் செலவாகிறது என்று பொருள். சின்ன எஞ்சினில் இது தாங்கும். 50 சிசியில் பணப்பை தாங்காது. ஏறக்குறைய 20 சிசிக்கு மேலே எல்லோரும் பெட்ரோலுக்குப் போவது இதனால்தான்.

மெத்தனாலை வாங்கி வீட்டில் கலக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே கண் போய்விடும், உயிரும் போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அத்தனை பேரைக் கொன்ற சாராயத்தில் இருந்தது அதுதான். தமிழ்நாட்டில் அதற்கு உரிமம் வேண்டும், வேண்டியதும்கூட. பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. குளோ எஞ்சின் வைத்திருப்பவர்கள் ஹாபி கடையில் மூடி திறக்காத டப்பாவாக வாங்கிக்கொள்ளட்டும்.

இனி பெட்ரோல். களியக்காவிளை எல்லையில் நின்று பார்த்தால் கேரளப் பாறசாலைப் பக்கத்து வண்டிகள் நம் பெட்ரோல் பங்குகளுக்கு வந்து நிரப்பிக்கொண்டு போவது தெரியும். கேரளத்தில் 2023 ஏப்ரலில் லிட்டருக்கு இரண்டு ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரி சேர்ந்த பிறகு இந்தப் போக்குவரத்து கூடியிருக்கிறது. விலை எப்படியோ போகட்டும். எல்லைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் சாதாரணப் பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. நமக்கு அதுதான் விஷயம்.

எத்தனால் மூன்று வேலை செய்கிறது. கார்புரேட்டரின் பழைய டயாபிரத்தையும் கேஸ்கட்டையும் விறைக்கவோ ஊதவோ செய்கிறது. தன்னோடு ஆக்சிஜனைக் கொண்டுவருவதால் கலவையை மெலிய வைக்கிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாமல் போகிறது. எத்தனால் 20 சேர்ந்த பெட்ரோலுக்கு 14.7க்குப் பதில் 13.5 பங்கு காற்றே போதும். மூன்றாவது, காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. நம் மாவட்டத்தில் இந்த மூன்றாவதுதான் எமன். இடவப்பாதியும் பெய்து ஐப்பசியில் துலா மழையும் பெய்கிற ஊரில், பாதி காலியான டப்பாவை மூடி தளர விட்டு வைத்தால் மேலே உள்ள காற்றே தண்ணீர் ஊட்டுகிறது. அளவு மீறியதும் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். இரவில் குளிர்ந்தால் இன்னும் சீக்கிரம். நீங்கள் ஊற்றிய ஆயில் மேல் அடுக்குப் பெட்ரோலோடு நின்றுவிடுகிறது. விமானத் தொட்டியில் எரிபொருளை உறிஞ்சும் குழாயின் நுனிக் குண்டு கிடப்பதோ அடியில். எஞ்சின் முதலில் குடிப்பது ஆயில் இல்லாத அந்த அடித் தண்ணீரை. கலக்கும்போது கணக்கு சரியாக இருந்தும் பிஸ்டன் கீறிப் போவது இப்படித்தான்.

எவ்வளவு எத்தனால் என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். கோடு போட்ட 100 மில்லி அளவு உருளையில் 20 மில்லி தண்ணீர், அதன்மேல் 80 மில்லி பெட்ரோல். மூடி நன்றாகக் குலுக்கி, ஆவியை ஒரு முறை வெளியே விட்டு, பத்து நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீருக்கு ஓடிவிடும். தண்ணீர்க் கோடு 20லேயே நின்றால் எத்தனால் இல்லை. 28 பக்கம் ஏறினால் 10 விழுக்காடு, 35 பக்கம் என்றால் 20. திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். சோதித்த பெட்ரோலைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

இதைப் பார்த்துவிட்டு ஒருவர், இப்படியே தண்ணீர் விட்டுக் கழுவி எத்தனாலை எல்லாம் எடுத்துவிடலாமே அண்ணாச்சி என்றார். எடுக்கலாம்தான். பெட்ரோலில் ஈரம் மிஞ்சும், ஆக்டேன் (தட்டாமல் எரியும் குணம்) குறையும், பிரித்தெடுத்த சாராயத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்ற தலைவலி வேறு. நான் செய்வதில்லை.

விலை கூடிய 95, 100 ஆக்டேன் பெட்ரோல் வாங்கலாமா? நம் எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவு. சாதாரண ஆக்டேனே அவற்றுக்குத் தாராளம். 100 ஆக்டேனால் விமானம் ஒரு முழம்கூட அதிகம் ஏறாது. உருளைச் சோதனையில் எத்தனால் இல்லை என்று தெரிந்தால் மட்டும் அந்தக் கூடுதல் பணத்துக்கு அர்த்தம் உண்டு. அப்போதும் பங்கில் சொன்னதை நம்பாமல், வாங்கும் ஒவ்வொரு முறையும் சோதித்துவிடுகிறேன். கிடைக்காவிட்டால் சாதாரணப் பெட்ரோலில் ஓட்டலாம். கார்புரேட்டரின் உயர்வேக நீடிலைக் கொஞ்சம் வெளியே திருப்பிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் என்றால் மணிக்கூற்று முள்ளின் ஐந்து நிமிடம், அவ்வளவுதான். பிறகு ஓட்டிப் பார்த்து மறுபடி.

ஆயிலுக்கு வருவோம். டப்பாவில் ஜாசோ எஃப்டி என்ற ஜப்பானியத் தரக் குறி அச்சிட்டிருக்கிறதா பாருங்கள், கிடைக்காவிட்டால் எஃப்சி. இவை காற்றால் குளிரும் இருவீச்சு எஞ்சினுக்கானவை, புகையும் கரியும் குறைவு. தேங்காப்பட்டணம், குளச்சல் பக்கம் படகுக்காரர்கள் வைத்திருக்கும் டிசி-டபிள்யூ3 ஆயில் மலிவாகவும் கைக்கெட்டும் தூரத்திலும் கிடைக்கும். கடல் தண்ணீர் சுற்றிக் குளிர வைக்கும் படகு எஞ்சினுக்குச் செய்தது அது. காற்றை நம்பியிருக்கும் நம் சிலிண்டரின் சூட்டில் ரிங்கைக் கரியால் ஒட்டவைத்துவிடும். தப்பித்தவர்கள் உண்டு. நான் ஊற்ற மாட்டேன். பைக்குக்கு ஊற்றும் நான்குவீச்சு எஞ்சின் ஆயில் கூடவே கூடாது. ஆமணக்கெண்ணெய் குளோ எஞ்சினுக்குத் தங்கம். பெட்ரோலில் சரியாகக் கரையாமல் அடியில் தங்கிவிடும்.

அளவு. ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு 25க்கு 1 என்றால் 200 மில்லி, 30க்கு 1 என்றால் 167, 32க்கு 156, 40க்கு 125, 50க்கு 100. எஞ்சின் தாள் எதைச் சொல்கிறதோ அதுவே வேதம். தாள் தொலைந்துவிட்டால் புது எஞ்சினுக்கு 30, பழகிய எஞ்சினுக்கு நல்ல ஆயிலோடு 40 என்று வைத்துக்கொள்கிறேன். 50க்கு 1 என்பது ஆயில் டப்பாக்காரரின் நம்பிக்கை. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

கூட ஊற்றினால் பத்திரம் என்ற எண்ணத்தோடு கைக்கணக்கில் சரிப்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வரும். ஆயில் கூடினால் அதே துளை வழியாகப் போகும் பெட்ரோல் அந்த அளவு குறைகிறது, கலவை மெலிகிறது. கூடவே கரி சேர்கிறது. ஆகவே விகிதத்தை மாற்றினால் நீடிலையும் மறுபடி பார்த்தாக வேண்டும். ஒரு விகிதத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருப்பது நல்லது.

அளக்க மருந்துக் கடையில் 60 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள். 125 மில்லிக்கு இரண்டு முறை நிறைய, பிறகு ஐந்து. ஐந்து லிட்டர் இரும்பு கேனில் பாதிப் பெட்ரோல், அதன்மேல் முழு ஆயில், மூடி ஒரு நிமிடம் குலுக்கல், பிறகு மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கல். வெறும் கேனில் ஆயிலை முதலில் ஊற்றினால் அடியில் பசை போல ஒட்டிக்கொள்ளும். பங்கில் நிரப்பும்போது கேனை ஸ்கூட்டரின் பிளாஸ்டிக் தட்டில் வைக்காமல் தரையில் வையுங்கள். நிலைமின்சாரப் பொறி ஒன்று போதும். மார்த்தாண்டம் தேன் வந்த கண்ணாடிக் குப்பியில் கலந்து கொண்டுவந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வீட்டில் மொத்தம் 30 லிட்டருக்கு மேல் சேர்த்தால் பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் வேண்டும். நமக்கு ஐந்தே தாராளம்.

கேனில் எழுதுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து ஏலா (வயல்வெளி) காய்ந்து கிடந்த ஒரு பங்குனி ஞாயிறு. பட்டறையில் ஒரே மாதிரி இரண்டு கேன். ஒன்று கலந்தது, மற்றது கலக்காதது. அக்காள் மகன், “மாமா, இதுதானே?” என்று தூக்கிக் காட்டினான். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆமாம் என்றேன். விமானம் நான்கு நிமிடம் அழகாகப் பறந்தது. பிறகு சத்தம் மெல்லக் கம்மி, புரொப்பெல்லர் செங்குத்தாக நின்றது. மரச்சீனி (மரவள்ளி) தோட்டத்துக்குள் இறக்கினான், இறக்கை தப்பியது. சிலிண்டரைக் கழற்றியபோது வெளிப்போக்கு ஓட்டைப் பக்கம் பிஸ்டன் முழுக்கக் கீறல். அன்றிலிருந்து கலந்த கேனுக்குச் சிவப்புப் பெயின்ட், அதன்மேல் விகிதமும் தேதியும். சாயம் சேர்த்த ஆயிலாகப் பார்த்து வாங்குகிறேன். ஒரு சொட்டைத் துணியில் விட்டாலே நிறம் சொல்லிவிடும்.

கேனிலிருந்து விமானத் தொட்டிக்குப் போகும் வழியில் ஒரு வடிகட்டி இருக்கட்டும். கார்புரேட்டருக்குள் இருக்கும் வலை விரல்நகத்தைவிடச் சிறியது. துருத்தூள் ஒரு சிட்டிகை அதை அடைத்துவிடும். குளோ விமானத்திலிருந்து பிடுங்கிய சிலிக்கோன் குழாயும் தொட்டி அடைப்பானும் பெட்ரோலில் ஊறி ஊதிவிடும், பெட்ரோலுக்கென்றே விற்கும் டைகான் குழாயும் அடைப்பானும் போடுங்கள்.

கலவை சரியா என்று பிளக் சொல்லும். ஐந்தாறு பறப்புக்குப் பிறகு கழற்றிப் பாருங்கள். பால் சாயா நிறம் என்றால் நிம்மதி. கட்டன் சாயாவைவிடக் கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் கூடுதல். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் மெலிவு. அன்றைக்கு மேற்கொண்டு பறக்க வேண்டாம்.

என் 55 சிசி பத்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 மில்லி குடிக்கும். ஒரு ஞாயிறுக்கு ஐந்து லிட்டர் வேண்டியிராது. தேவைக்கு மட்டும் கலப்பேன். கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வானத்துக்கு அனுப்புவதில்லை. மழைக்காலம் தொடங்கும் முன் தொட்டியை வடித்து, கார்புரேட்டர் வறண்டு எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட்டி, மூடி வைத்துவிடுகிறேன். மிஞ்சிய கலவையை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்தில் பார்ப்பேன். அடியில் கோடு இல்லாவிட்டால் அது புல்வெட்டிக்கு. எப்படியும் இடவப்பாதிக்குள் வீட்டுப் பின்புறத்துப் புல்லை வெட்டித்தானே ஆக வேண்டும்.