கெமெரி சதுப்பில் ஒரு நடை

லாத்வியாவின் ரீகா நகருக்குப் போகிறவர்கள் கெமெரி தேசியப் பூங்காவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ரயிலிலேயே போகலாம். நிலையத்திலிருந்து சதுப்பு நிலத்துக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடை. அங்கே மரப்பலகைப் பாதையில் சிறிய சுற்று 1.4 கி.மீ., பெரியது 3.4 கி.மீ. ஏற்ற இறக்கம் இல்லாததால் பெரியதையே நடக்கலாம். பார்வைக் கோபுரமும் அதில்தான். பூச்சி தின்னும் அழுகண்ணிச் செடிகளைக் குனிந்து தேடுங்கள், அத்தனை சின்னவை! பலகையை விட்டு மட்டும் இறங்காதீர்கள். பாசி மட்கிச் சேரும் அந்த நிலம் ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளர்கிறது; மிதித்தால் எளிதில் ஆறாது. மழையில் பலகை வழுக்கும், பிடிப்புள்ள காலணி அவசியம். அப்புறம் யவுன்கெமெரி கடற்கரை மணலில் காலாற நடக்கலாம். பக்கத்து லாப்மெஜ்சியம்ஸ் ஊரில் புகையூட்டிய மீன் கிடைக்கும், வாங்கிச் சாப்பிடுங்கள்.