ஓடிப்போகும் பிள்ளையின் மாயக்கதை: முதல் நாவலைத் தொடங்குவது எப்படி?

8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு மாயக்கதை எழுத உட்கார்ந்தால் பலரும் முதலில் மந்திரவாதியைத் தேடுவார்கள். அது அப்புறம். வீட்டைவிட்டு ஓடப்போகிற பிள்ளையிடமிருந்து தொடங்குவோம்.

முதல் படி: அவள் ஏன் அங்கே ஒட்டவில்லை? "தனிமையில் வாடினாள்" என்று எழுதிப் பயனில்லை, நடந்ததைக் காட்டுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கடற்கரை ஊரான முட்டத்தின் கடப்புறத்துச் சகாயமேரி, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்க்கும் மாமா வீட்டுக்கு வந்து சேர்கிறாள். கடலும் மலையும் பக்கம் பக்கமாக இருக்கிற மாவட்டம்தான். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் அவள் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்ததும் பக்கத்தில் இருப்பவள் மூக்கைப் பொத்துகிறாள். கருவாடு. மறுநாள் சகாயமேரி பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. இவ்வளவு போதும், அவள் ஓடுவாள் என்று பிள்ளைகள் நம்பிவிடுவார்கள்.

அடுத்து, ஓடும் வழி. இதற்கு நிறைய நேரம் கொடுங்கள், முடிந்தால் நடந்தே பாருங்கள். விடியுமுன் கிளம்பினால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவள் நினைக்கிறாள். ரப்பர் தோட்டத்தில் அது நடக்காது. பால் வெட்டுகிறவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே வந்துவிடுவார்கள். பட்டையைச் சாய்வாகச் சீவியதும் பால் மெல்ல இறங்கிச் சிரட்டையில் சொட்டும். மரங்களுக்கு நடுவே தலையில்லாமல் வெளிச்சம் மட்டும் நகர்ந்து வருகிறது. "எங்க போற மக்களே?" என்று அது கேட்கிறது. பேய் எதுவும் வராமலே பயம் வந்துவிட்டது, பாருங்கள்! ஊரை நன்றாகத் தெரிந்தவருக்கு இப்படிப் பாதி மாயம் சும்மா கிடைக்கும்.

மூன்றாவதாக, மீதிப் பாதி. இதே மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-இல் கட்டியது. 115 அடி உயரம், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். கீழே பறளியாறு, மேலே தொட்டியில் பட்டணங்கால் கால்வாய்த் தண்ணீர். ஆற்றைத் தாண்டிப் போகிற அந்தத் தண்ணீர் சகாயமேரியிடம் பேசட்டும், கடலுக்கு வழி சொல்லட்டும். ஆனால் இலவசமாக வேண்டாம். எதைக் கேட்டாலும் கிடைக்கும் என்றால் கதையில் ஆபத்தே இருக்காது. அவள் ஒருமுறை வழி கேட்டால் கடப்புறத்து முகம் ஒன்று அவளுக்கு மறந்துபோகும் என்று வையுங்கள். யாரைப் பார்க்க ஓடுகிறாளோ அவர்களையே கொடுத்துத்தான் வழி வாங்க வேண்டும். விலை இப்படி அவள் ஆசையிலேயே கை வைக்க வேண்டும். தலைவலி, மயக்கம் எல்லாம் விலையே அல்ல.

வழித்துணைக்கு ஒருவர் போதும், கூட்டம் வேண்டாம்.

கடைசியாக, முடிவை முன்கூட்டியே எழுதி வையுங்கள். முட்டம் கரையில் அவளைக் கட்டிக்கொள்ள ஓடி வருபவர்களில் ஒருவரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அது யார்? அம்மச்சியா, வள்ளத்தில் கூட்டிப்போகும் அண்ணனா? அதை இப்போதே முடிவு செய்துகொண்டு, அந்த ஆளை முதல் அத்தியாயத்தில் ஆசை ஆசையாக எழுதுங்கள்.