இடுப்புப் பிடிப்பு: பிசியோதெரபியா, தொக்கணமா, எலும்பு நெட்டியா?

எந்தச் சிகிச்சை என்று யோசிப்பதற்கு முன்பு, அந்த முதுகில் கை வைக்கலாமா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், சிறுநீரோ மலமோ அறியாமல் வெளியேறுதல், தொடையிடுக்கு மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, வயதானவர் வழுக்கி விழுந்தது போன்றவை இருந்தாலும் மருத்துவரின் பரிசோதனையே முதலில் வேண்டும். 45 வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, காலையில் அரை மணி நேரத்துக்கும் அதிகமாக இறுகியிருந்து, நடமாட நடமாடத் தளரும் முதுகு, முதுகெலும்பு மூட்டு அழற்சியின் அடையாளமாக இருக்கக்கூடும். இதை வெறும் பிடிப்பென்று எண்ணி எண்ணெய் தேய்த்தே ஆண்டுகளைக் கழித்துவிடுபவர்களை நினைத்தால் உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

இவை எதுவும் இல்லையென்றால் தாராளமாக ஒப்பிடலாம். சித்த மருத்துவத்தில் உடலைக் கையால் பிடித்துவிடும் முறையான தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என ஒன்பது முறைகள் உண்டு. ஆயுர்வேதத்தின் கடிவஸ்தியில், உளுந்து மாவைப் பிசைந்து இடுப்பின்மேல் வட்டமாகக் கரை கட்டி, அதற்குள் வெதுவெதுப்பான எண்ணெயை ஊற்றி, ஆற ஆற மாற்றுவார்கள். இரண்டுமே இறுகிய தசைக்கு இதமளிப்பவை. அந்த இதத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எலும்பு நெட்டி எடுப்பது என்று சொல்லப்படும், 1895இல் அமெரிக்காவில் தோன்றிய கைரோபிராக்டிக் முறையில் முதுகெலும்பு மூட்டை ஒரே வேகமான தள்ளலில் அசைக்கிறார்கள். அப்போது கேட்கும் ‘டக்’ என்ற ஓசை மூட்டு நீருக்குள் வாயுக்குமிழி உருவாவதால் எழுவதே தவிர, விலகிய எலும்பு இடத்தில் அமர்ந்ததால் அன்று. எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியக்கூடிய நிலையில் (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவர்களுக்கு இந்த வேகத் தள்ளல் கூடாது.

பிசியோதெரபிஸ்டும் கையால் அழுத்துவார், மூட்டை அசைப்பார். ஆனால் நல்லவராக இருந்தால், அதனால் கிடைத்த தளர்வு மறைவதற்குள் உங்களையே குனியவும் நிமிரவும் செய்து, வீட்டுக்கு இரண்டு மூன்று பயிற்சிகளையும் கொடுத்தனுப்புவார். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், கைச்சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் பரிந்துரைக்கிறது. என் தேர்வும் அதுவே. தொக்கணம் பிடித்தவர் அதை விட வேண்டாம். பயிற்சியைக் கூடச் சேர்த்துக்கொண்டால் போதும். மாறாக, பிசியோதெரபி நிலையமே ஆனாலும், கருவியைப் பொருத்திவிட்டு இருபது நிமிடம் படுக்க வைப்பதோடு முடித்துக்கொண்டால், அங்கு நீங்கள் பெறுவது பாதிச் சிகிச்சைதான்.

பலனை நீங்களே அளக்கலாம். முழங்காலை மடக்காமல், வலி அனுமதிக்கும் வரை மட்டும் குனிந்து, விரல்நுனிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைத் தையல் டேப்பால் வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். எழுந்தவுடன் அளக்கக் கூடாது. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் இடைவட்டுகள் இரவில் நீரை உறிஞ்சி உப்பியிருப்பதால், அந்நேரத்தில் குனிவதைக் கடினமாக்கும். சிகிச்சைக்கு முன்பும், முடிந்த உடனும், இரண்டு நாள் கழித்து அதே வேளையிலும் அளந்து குறித்து வையுங்கள். உடனே குறைந்த இடைவெளி ஒவ்வொரு முறையும் இரண்டே நாளில் பழைய அளவுக்குத் திரும்பினால், பயிற்சி போதவில்லை என்று பொருள்.

காலில் வலி இறங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கெண்டைக்காலில் இருந்த வலி பின்வாங்கி இடுப்புக்கு ஏறினால், இடுப்பில் சற்று அதிகமாக வலித்தாலும் அது நல்ல அறிகுறி. இடுப்பில் மட்டும் இருந்த வலி முழங்காலைத் தாண்டி இறங்கத் தொடங்கினால், அந்த அசைவை அப்போதே நிறுத்திச் சிகிச்சை தருபவரிடம் சொல்லிவிட வேண்டும்.