தோல் ஆலைக் கழிவுநீர் விவரம்: ‘வணிக இரகசியம்’ என்ற பதிலைத் தாண்டுவது எப்படி?

பேரணாம்பட்டிலோ ராணிப்பேட்டையிலோ உள்ள ஒரு தோல் ஆலையின் கழிவுநீர் விவரம் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் (ஆர்.டி.ஐ.) மனுப் போட்டால், ‘வணிக இரகசியம், தர இயலாது’ என்று பதில் வரக்கூடும். பல நேரம் கேள்வியே அதற்கு இடம் கொடுத்துவிடுகிறது.

1. எதைக் கேட்பது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். தோல் பதனிடும் கலவை விகிதம், வாங்குபவர் பெயர், விலை இவை ஆலையின் சொத்து. விட்டுவிடுங்கள். வாசலைத் தாண்டி வெளியேறும் நீரைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

2. ஆர்.டி.ஐ.க்கு முன் ஒரு குறுக்குவழி உண்டு. 1974 நீர்ச் சட்டம் 25(6) பிரிவின்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் இசைவாணை (கழிவுநீர் வெளியேற்ற வாரியம் தரும் அனுமதி) பதிவேட்டில் கழிவுநீர் பற்றிய பகுதியைப் பாதிக்கப்பட்டவர் நேரில் பார்க்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை.

3. மனுவில் ‘எல்லா ஆவணங்களும்’ என்று எழுதாதீர்கள். மறுக்க அதுவே வசதி. இப்படி எழுதலாம்: “இன்ன ஆலையில் வாரியம் எடுத்த கழிவுநீர் மாதிரிகளின் ஆய்வறிக்கை நகல், 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை.” வாரியமே மாதிரி எடுத்துச் சோதித்த முடிவை ஆலை தன் இரகசியம் என்று சொல்வது கடினம். அறிக்கை கைக்கு வந்ததும், தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தின் மொத்த அளவைப் பாருங்கள். பொதுவான வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 30க்குள் ஆலை தர வேண்டிய சுற்றுச்சூழல் அறிக்கையையும் (படிவம் 5) சேர்த்துக் கேளுங்கள். அதில் மூலப்பொருளின் பெயருக்குப் பதில் குறியீடு இருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். ஒப்பந்தக் கட்டுப்பாடு இருந்தால் அந்தப் படிவமே அதை அனுமதிக்கிறது.

4. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். வாரியத்தின் எந்த அலுவலகம் என்று விசாரித்த பிறகே அனுப்புங்கள்.

5. சாதாரணமாக 30 நாளில் பதில் வர வேண்டும். ஆலையின் கருத்தைக் கேட்பதாக இருந்தால், தகவல் அலுவலர் 5 நாளுக்குள் ஆலைக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஆலைக்கு 10 நாள் அவகாசம். மனு வந்த 40 நாளுக்குள் முடிவு. ஆலை ஆட்சேபித்தாலும் முடிவெடுப்பவர் அலுவலர்தான்.

6. மறுத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. மறுப்பு, வணிக இரகசியத்துக்கு விலக்குத் தரும் 8(1)(ஈ) பிரிவின் கீழ் என்றால், வெளியிடுவதால் போட்டியில் ஆலைக்கு என்ன பாதகம் என்று கேளுங்கள். குடிநீர்க் கிணறுகள் பாதிக்கப்படுவதைப் பொதுநலனாகக் காட்டுங்கள். கூடவே, ‘இரகசியப் பகுதியை மறைத்து மீதியைத் தரவும்’ என்று 10ஆம் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதுங்கள். அதன் பிறகும் வராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.