ஆயில் தூக்கும், இரும்பு தாங்கும்: வீட்டு ஹைட்ராலிக் கார் லிஃப்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லிஃப்ட் ஏறவில்லை என்றதும் பம்ப் போய்விட்டது என்று முடிவுகட்டிப் பிரிக்க உட்கார்வதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. காரின் இருபுறமும் அடியில் தள்ளி வைக்கும் இரண்டு ஃபிரேம்கள், ஃபிரேமுக்கு ஒரு சிலிண்டர் (சில மாடல்களில் இரண்டு), மோட்டாரும் பம்பும் டேங்கும் சேர்ந்த ஒரு பவர் யூனிட், இடையில் ஹோஸ்கள். வீட்டு லிஃப்ட் என்பது இவ்வளவுதான். இதில் பம்ப் கெடுவது அபூர்வம். ஆயில், உள்ளே புகுந்த காற்று, சரியாக மாட்டாத கப்ளிங் (ஹோஸை இணைக்கும் மூட்டு), மெல்லிய ஒயர் ஆகிய நான்கையும் பார்த்துவிட்ட பிறகு பம்பைச் சந்தேகித்தால் போதும்.

பழுது பார்ப்பதற்கும் முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மற்ற தவறுகள் பெரும்பாலும் பணத்தோடு போகும். இது உயிரோடு விளையாடுவது.

ஆயிலை நம்பிக் காருக்கு அடியில் போவது

காரைத் தூக்குவது ஆயில். தாங்க வேண்டியது லாக், அதாவது ஃபிரேமில் உள்ள இரும்புத் தடுப்பு. தேவையான உயரம் வந்துவிட்டது என்று பட்டனை விட்டுவிட்டு அப்படியே கீழே நுழைபவர்கள் நிறைய. அந்த நேரத்தில் முழு எடையும் ஒரு ரப்பர் சீலின் மேலும், ஒரு சின்ன வால்வின் மேலும் நிற்கிறது. ஹோஸ் வெடித்தால் நகர்ந்துகொள்ள நேரம் கிடைக்காது.

சரியான முறை இதுதான்: லாக் விழும் இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டும். இரண்டு பக்கமும் லாக் விழுந்ததைக் காதால் கேட்டால் போதாது, குனிந்து கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு இறக்கும் பட்டனை அழுத்தி, எடை முழுவதும் லாக்கில் உட்காரும் வரை இறக்க வேண்டும். கடைசியாகப் பக்கவாட்டில் நின்று காரை ஆட்டிப் பார்த்த பிறகுதான் அடியில் போகலாம்.

இறக்கும்போது நடக்கும் தவறு இதைவிட மோசமானது. ஒரு பக்க லாக்கை எடுத்துவிட்டு, மறுபக்கத்தை மறந்து பட்டனை அழுத்துவார்கள். ஒரு பக்கம் அப்படியே நிற்க, மறுபக்கம் இறங்க, கார் சாயும். முதலில் சில சென்டிமீட்டர் ஏற்றி லாக்கின் மேலிருந்து எடையை எடுத்துவிட வேண்டும். இரண்டு லாக்கையும் விடுவித்து, காரைச் சுற்றிவந்து இரண்டையும் பார்த்துவிட்டு இறக்க வேண்டும். பாதியில் சாய்வு தெரிந்தால் உடனே பட்டனை விட்டு, மறுபடி மேலே ஏற்ற வேண்டும். கையால் காரைத் தள்ளிப் பிடிக்கப் போகவே கூடாது.

ஆயிலில் செய்யும் தவறுகள்

இந்த லிஃப்ட்களில் பெரும்பாலும் ஐஎஸ்ஓ 32 ஹைட்ராலிக் ஆயில் அல்லது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயில் பயன்படும். எது என்பது கையேட்டில் இருக்கும். அதையே ஊற்ற வேண்டும், இரண்டையும் கலக்க வேண்டாம்.

பிரேக் ஆயில் ஒரு சொட்டுகூடக் கூடாது. "பிரேக்கும் ஹைட்ராலிக்தானே" என்ற எண்ணத்தில் ஊற்றிவிடுகிறார்கள். வழக்கமான பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது, ஹைட்ராலிக் ஆயிலோ மினரல் ஆயில். லிஃப்ட்டின் சீல்கள் மினரல் ஆயிலுக்காகச் செய்யப்பட்டவை. பிரேக் ஆயில் பட்டால் அவை ஊறி உப்பி, மெத்தென்று ஆகிக் கிழியும். தவறி ஊற்றிவிட்டால் வடித்துவிட்டு நல்ல ஆயில் ஊற்றுவதோடு முடியாது, சீல் செட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

எஞ்சின் ஆயிலால் சீல் உடனே கெடாது, ஆனால் அது மிகவும் கெட்டி. ஐஎஸ்ஓ 32 என்றால் 40 டிகிரி வெப்பத்தில் அதன் பாகுத்தன்மை எண் 32. அதே வெப்பத்தில் 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயில் மூன்று மடங்குக்கும் மேல் கெட்டியாக இருக்கும். பம்ப் அதை உறிஞ்சத் திணறும், மோட்டார் சூடாகும், குளிர்ந்த காலையில் லிஃப்ட் ஊர்ந்துதான் ஏறும்.

அளவு பார்க்கும் நேரமும் முக்கியம். ஃபிரேம்கள் முழுவதும் இறங்கியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். மேலே ஏறிய நிலையில் ஆயில் சிலிண்டருக்குள் போயிருக்கும். டேங்க் குறைந்து தெரிவது இயல்பு. அதைப் பார்த்து நிரப்பினால், இறக்கும்போது திரும்பி வரும் ஆயில் மூடி வழியாகப் பொங்கித் தரையில் ஓடும்.

டேங்க் மூடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. புது யூனிட்டில், வழியில் ஆயில் சிந்தாமல் இருக்கத் துவாரமில்லாத மூடி போட்டு அனுப்புவார்கள். காற்று போய்வரும் பிரீதர் மூடி தனியாகப் பையில் கிடக்கும். அதை மாற்றாமல் ஓட்டினால் ஆயில் வெளியேற வெளியேற டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும். பம்ப் கிறீச்சிட்டு ஓடும், லிஃப்ட் பாதியில் நின்றுவிடும். மூடியைத் தளர்த்தியதும் சரியாகிவிட்டால் பழுது அதுதான். தளர்த்தியும் கிறீச் சத்தம் போகவில்லை என்றால் டேங்க் அடியில் உள்ள உறிஞ்சு வடிகட்டியைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள்.

ஏர் எடுக்காமல் காரை ஏற்றுவது

புதிதாகப் பூட்டியதும், ஹோஸ் மாற்றியதும், ஆயில் மாற்றியதும் குழாய்களில் காற்று இருக்கும். ஆயில் கிட்டத்தட்ட அமுங்காது, காற்று அமுங்கும். அதனால் லிஃப்ட் குலுங்கிக் குலுங்கி ஏறும், ஒரு பக்கம் பிந்தும், அழுத்தினால் ஸ்பிரிங் போல ஆடும். அமுங்கிய காற்று எப்போது விரியும் என்று யாரும் சொல்ல முடியாது. இந்த நிலையில் காரை ஏற்றிப் பரிசோதிப்பது பெரிய ஆபத்து.

கார் இல்லாமல், வெறும் ஃபிரேமை முழு உயரத்துக்கு ஏற்றி லாக்கில் உட்கார வையுங்கள். சிலிண்டரில் உள்ள ஏர் எடுக்கும் திருகில் ஒரு பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனையை ஒரு புட்டியில் விடுங்கள். திருகைக் கால் சுற்று தளர்த்தி, ஏற்றும் பட்டனை அழுத்தினால் முதலில் நுரையும் பிறகு குமிழில்லாத ஆயிலும் வரும். குமிழ் நின்றதும், பட்டனை விடும் முன்பே திருகை இறுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெளியே வந்த காற்று மறுபடி உள்ளே போகும். இரண்டு பக்கமும் முடித்தபின், வெறும் ஃபிரேமை நான்கைந்து முறை முழுக்க ஏற்றி இறக்கி, டேங்க் அளவைச் சரிபாருங்கள்.

ஆயில் பால்போல வெளுத்திருந்தால் அது காற்றாகவும் இருக்கலாம், தண்ணீராகவும் இருக்கலாம். ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து ஒரு நாள் வையுங்கள். தெளிந்துவிட்டால் காற்று, ஏரை எடுத்தால் போதும். வெளுப்பு அப்படியே இருந்தாலோ, அடியில் தண்ணீர் பிரிந்து நின்றாலோ, மொத்த ஆயிலையும் மாற்ற வேண்டும்.

காரில்லாமல் ஏற்றும்போது ஒரு பக்கம் சற்று முந்துவது எல்லா நேரமும் பழுதல்ல. ஆயில் எளிதான வழியில்தான் முதலில் போகும். எடை குறைந்த பக்கம் முதலில் எழும். ஒரு பக்கம் அசையவே இல்லை என்றால் கப்ளிங்கைப் பாருங்கள். பாதி மாட்டிய குயிக் கப்ளிங்குக்குள் இருக்கும் சின்ன வால்வு திறக்காது. வெளியே மாட்டியதுபோலவே தெரியும். ஹோஸைக் கழற்றி வெயிலில் போட்டிருந்தால் உள்ளே அடைபட்ட ஆயில் விரிந்து, கப்ளிங்கை மாட்டவே விடாது. சுத்தியலால் தட்டாதீர்கள். நிழலில் ஆறவிட்டு, பவர் யூனிட் பக்கம் இறக்கும் பட்டனை அழுத்தி அழுத்தத்தை விட்டபின் மாட்டுங்கள். கழற்றியதும் தூசி மூடி போடாமல் விடுவதும் தவறுதான். அங்கே ஒட்டும் ஒரு மணல்துகள் நேராக வால்வு உட்காரும் இடத்துக்குப் போய்ச் சேரும்.

தானாக இறங்கும் லிஃப்ட்

எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இரண்டு பக்கமும் சேர்ந்து மெதுவாக இறங்கி, எங்கும் ஆயில் ஈரம் இல்லை என்றால், பவர் யூனிட்டில் இருக்கும் இறக்கும் வால்வின் இருக்கையில் அழுக்கு சிக்கியிருக்கிறது. காரில்லாமல் முழு உயரத்திலிருந்து ஐந்தாறு முறை வேகமாக இறக்கினால் ஓடும் ஆயிலே அழுக்கை அடித்துக்கொண்டு போவதுண்டு. போகாவிட்டால் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது ஓ-ரிங் (அடைக்கும் ரப்பர் வளையம்) போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் அந்தப் பக்கத்துச் சிலிண்டர் சீலையும் ஹோஸையும் பாருங்கள்.

கசிவைத் தேடும்போது ஹோஸை ஒருபோதும் கையால் தடவாதீர்கள். சாதாரணக் கார் டயரில் அழுத்தம் 30 சொச்சம் பிஎஸ்ஐ. இந்த ஹோஸ்களில் எடை ஏறும்போது 2000 பிஎஸ்ஐயைத் தாண்டும். ஊசித்துளை வழியாகப் பீய்ச்சும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கக் கொசுக்கடி அளவு புள்ளிதான் இருக்கும், முதலில் வலிகூட இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கியிருக்கும். அப்படி நேர்ந்தால் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், "அழுத்தத்தில் ஹைட்ராலிக் ஆயில் தோலுக்குள் போய்விட்டது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஒரு அட்டைத்துண்டை ஹோஸ் ஓரமாக நகர்த்தினால் போதும், ஈரம் அதில் தெரியும். உப்பிய, வெடிப்பு விட்ட, கம்பி தெரியும் ஹோஸை மாற்றியே ஆக வேண்டும். கிளாம்ப் போட்டு ஒட்டுப்போடுவது வேலைக்கு ஆகாது.

கசியும் மூட்டில் எல்லாம் டெஃப்லான் டேப் சுற்றுவதும் வழக்கமாகிவிட்டது. ஓ-ரிங்கோ கூம்பு முகமோ வைத்து அடைக்கும் மூட்டில் அடைக்கும் வேலை மரைக்கு இல்லை. டேப் அங்கே எதையும் அடைக்காது. அதன் நூல் பிய்ந்து வால்வில் சிக்கி, முன்பு சொன்ன தானாக இறங்கும் பழுதைக் கொண்டுவரும். ஓ-ரிங்கை மாற்றுங்கள், முகத்தைத் துடையுங்கள், அளவாக இறுக்குங்கள்.

மோட்டார் திணறினால்

12 வோல்ட் யூனிட் எடை ஏறும்போது 100 ஆம்பியருக்கும் மேல் இழுக்கலாம். மெல்லிய ஜம்பர் ஒயரும் அரைகுறை சார்ஜ் பேட்டரியும் இதற்குத் தாங்காது. காரோடு ஏற்றும்போதே மல்டிமீட்டரால் பேட்டரி முனையிலும் மோட்டார் முனையிலும் வோல்டேஜை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறை ஒயரிலோ முனைப் பிடிப்பிலோ இருக்கிறது. இரண்டு இடத்திலும் 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரிதான். வீட்டு மின்சாரத்தில் ஓடும் யூனிட்டுக்கு, நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டிய நிலையிலேயே போட்டு ஓட்டுவது அதே தவறின் இன்னொரு வடிவம். மோட்டார் உறுமும், சுற்றாது, ஒயர் சுருளும் சூடாகும்.

கார் கனமாக இருந்து ஏறவில்லை என்றால் ரிலீஃப் வால்வின் திருகைத் திருகிப் பார்க்கிறார்கள். அது தொழிற்சாலையில் அளவு வைத்துப் பூட்டியது, அதிக எடை வரும்போது ஆயிலைத் திருப்பிவிட்டு ஹோஸையும் ஃபிரேமையும் காப்பது. அதில் கைவைக்கவே வேண்டாம். காரின் எடையை லிஃப்ட்டின் தகட்டில் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிக்கியில் உள்ள சாமானும் எடைதான்.

வைக்கும் இடமும் வைத்திருக்கும் முறையும்

தரை சமமான காங்கிரீட்டாக இருக்க வேண்டும். தார் வெயிலில் இளகும், டைல்ஸ் உடையும். கார் கம்பெனி குறித்த ஜாக்கி இடங்களில் மட்டுமே ரப்பர் கட்டை உட்கார வேண்டும். மரத்துண்டும் செங்கல்லும் மாற்றாகாது. மின்சாரக் காரின் அடிப்பாகம் பெரும்பாலும் பேட்டரி என்பதால் ஒரு விரல் தள்ளி வைத்தாலும் செலவு பெரிதாகிவிடும். முன்சக்கர இயக்கக் காரில் முன்பக்கம்தான் கனம். எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கினால் கனம் பின்னால் போய்விடும், அந்த வேலைக்கு முன்பே கூடுதல் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் ஃபிரேமை முழுக்க இறக்கி வையுங்கள். சிலிண்டரிலிருந்து நீளும் ராடு உள்ளே இருந்தால் எளிதில் துருப்பிடிக்காது. துருப்புள்ளி ஒன்று விழுந்தாலும் அது ஒவ்வொரு முறையும் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். ஃபிரேம் மடங்கும் இடங்களில் உள்ள பிவட் பின்களுக்கு லித்தியம் கிரீஸ் போடுங்கள், ராடுக்குக் கிரீஸ் வேண்டாம், தூசி ஒட்டும். துணியால் துடைத்தாலே போதும். பிரஷர் வாஷரால் கழுவாதீர்கள். சில மாடல்களில் ஃபிரேம் இறங்க உதவுவதற்காகச் சிலிண்டரின் ராடு பக்கம் காற்று அடைத்திருக்கும். கார் இல்லாதபோது ஃபிரேம் முழுக்கக் கீழே வராமல் அடம்பிடித்தால் அந்தக் காற்று குறைந்திருக்கிறது. டயர் பம்பால் கையேட்டில் சொன்ன அளவுக்கு நிரப்பிக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.