டிரஸ்ஸிங் அன்றைக்கு எந்தப் பாட்டு? தீக்காய வார்டில் பாடப் போகிறவர்களுக்கு

தீக்காய வார்டில் காலை எட்டு மணிக்கு டிரஸ்ஸிங் டிராலியை உருட்டும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டதுமே கட்டிலில் இருப்பவர்களின் தோள்பட்டை இறுகிவிடும். கட்டைப் பிரிக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தாலும், வேதனை அப்போதே ஆரம்பித்துவிடும்.

நான் பாட்டு டீச்சர். இசை சிகிச்சையில் டிப்ளமோ முடித்து, மதுரைப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் தீக்காய வார்டுக்குப் பதினோரு வருடமாக வாரத்தில் மூன்று நாள் போய்வருகிறேன். இந்தியாவில் வருடத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் ஓரளவோ கடுமையாகவோ தீக்காயப்படுகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இசை சிகிச்சை படித்த ஆள் எல்லா வார்டிலும் கிடைக்க மாட்டார். துணைக்கு இருக்கும் மகளோ தங்கையோ, நைட் டியூட்டி சிஸ்டரோதான் பாட வேண்டியிருக்கும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வலி மருந்துக்குப் பதில் பாட்டு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டிரஸ்ஸிங்குக்கு முன்னால் மருந்து கொடுத்தாயிற்றா, அது வேலை செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று சிஸ்டரிடம் கேட்டுக்கொண்ட பிறகு பாடத் தொடங்குங்கள்.

முதல் வேலை பாடுவது இல்லை. நிறுத்தச் சொல்ல ஓர் அடையாளத்தைப் பேசி வைப்பது. அந்தக் கட்டிலில் கிடப்பவரிடம் யாரும் எதையும் கேட்டுச் செய்வதில்லை. புரட்டுகிறார்கள், குளிப்பாட்டுகிறார்கள், ஊசி போடுகிறார்கள், கட்டைப் பிரிக்கிறார்கள். எல்லாம் அவர் நல்லதுக்குத்தான். ஆனாலும் அவர் "போதும்" என்று சொல்லி நிற்கக்கூடிய காரியம் அன்றைய நாளில் உங்கள் பாட்டு ஒன்றுதான். கையில் கட்டு இருந்தால் கால் கட்டைவிரலை ஆட்டச் சொல்லுங்கள். தொண்டையில் குழாய் இருந்தால் புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். அடையாளம் வந்த நொடியில் பாதி வரியானாலும் நிறுத்திவிடுங்கள். சரணத்தை முடித்துவிடலாம் என்று இழுத்தீர்களானால், அடுத்த தடவை உங்களை நம்ப மாட்டார்.

முகம் வெந்தவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் இமை வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். அவர்களுக்கு நீங்கள் வந்தது தெரியாது. பெயரைச் சொல்லி, "தலைமாட்டுப் பக்கம் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பாடுங்கள்.

பாட்டை அவரே தேர்ந்தெடுக்கட்டும். இதை நான் தப்புச் செய்துதான் கற்றேன். மூன்றாவது வருடம் என்று நினைக்கிறேன். சமையலறையில் அடுப்பு வெடித்து மார்பும் கழுத்தும் வெந்த ஒரு பெண், என்னைவிடச் சின்னவள். அவளைக் கேட்காமலே எல்லாருக்கும் பிடித்த பழைய பாட்டு ஒன்றைப் போனில் போட்டேன். இரண்டாவது வரியில் அவள் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. "அக்கா, நிப்பாட்டுங்க" என்றாள். அடுப்பு வெடித்தபோது வீட்டு ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பாட்டுத்தான். அன்று முதல் கேட்காமல் நான் எதையும் போடுவதில்லை. "வேலை செய்யும்போது என்ன பாட்டு கேப்பீங்க? சின்ன வயசுல யார் பாடிக் கேட்டீங்க? எந்தப் பாட்டு வேண்டவே வேண்டாம்?" என்று மூன்று கேள்வி கேட்பேன். மூன்றாவதுதான் முக்கியம். நம் சினிமாப் பாட்டில் தீயும் நெருப்பும் எரிவதும் உருகுவதும் எத்தனை வருகிறது என்பது இந்த வார்டில் பாடிப் பார்த்தால்தான் தெரியும். வரிகளை முன்கூட்டியே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

காயம் எப்படி ஆயிற்று என்று மட்டும் கேட்காதீர்கள். போலீசும் மாஜிஸ்திரேட்டும் கேட்டிருப்பார்கள், சொந்தக்காரர்களும் கேட்டிருப்பார்கள். சிலர் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட நெருப்பு அது. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், டாக்டரிடமும் தெரிவியுங்கள்.

இன்ன ராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்று பட்டியல் கொடுப்பவர்களை நான் நம்புவதில்லை. நீலாம்பரி தூங்க வைக்கும் என்பது நம் மரபு, எனக்கும் உயிரான ராகம். ஆனால் கரகாட்ட மேளத்தில் வளர்ந்தவருக்கு அதில் என்ன இருக்கிறது? அவருக்கு அவர் ஊர்ப் பாட்டில்தான் தூக்கம் வரும்.

இனி டிரஸ்ஸிங். பலரும் தவறு செய்யும் இடம் இதுதான். மெல்லிசை போட்டால் வலி குறையும் என்று நினைத்து, கட்டைப் பிரிக்கும்போது புல்லாங்குழலை ஓடவிடுவார்கள். வலி உச்சத்தில் இருப்பவர் காதில் அது ஏறாது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகர மருத்துவமனை ஒன்றில் தீக்காய நோயாளிகள் 29 பேரை வைத்து 2010-இல் வெளிவந்த ஆய்வில் இரண்டு முறைகளைப் பிரித்துப் பயன்படுத்தினார்கள். டிரஸ்ஸிங்குக்கு முன்னும் பின்னும் அமைதியான இசையோடு மனதில் ஓர் இடத்தைக் கற்பனை செய்யவைப்பது ஒன்று. டிரஸ்ஸிங் நடக்கும்போது நோயாளியைப் பாட்டுக்குள் இழுத்து வேலை கொடுப்பது இன்னொன்று: தாளம் போடுவது, மூச்சை இசையோடு விடுவது, விட்ட வார்த்தையை நிரப்புவது. பாட்டு இருந்த நாட்களில் வலி குறைந்திருந்தது. டிரஸ்ஸிங் நேரத்துப் பதற்றமும் உடல் இறுக்கமும்கூடக் குறைந்தன. நான் பார்த்ததும் இதுவேதான்.

கட்டைப் பிரிப்பதற்கு முந்தைய அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்வது? அவர் மூச்சைக் கவனியுங்கள். பயத்தில் வேகமாக ஓடும். நீங்களும் அதே வேகத்தில் தொடங்குங்கள். எடுத்ததுமே தாலாட்டு வேண்டாம். அவர் வேகத்தில் சேர்ந்துகொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு வரை இறங்கினால் போதும். ஐரா ஆல்ட்ஷூலர் என்ற மனநல மருத்துவர் 1948-இல் 'ஐசோ' என்று எழுதி வைத்த முறை இது. அழுகிற பிள்ளையைத் தூக்கி முதலில் வேகமாக ஆட்டி, பிறகு மெல்ல ஆட்டும் அம்மாக்களுக்குப் புதிதில்லை.

கட்டைப் பிரிக்கும்போது எப்படி என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். பரோட்டா மாஸ்டர். கொதிக்கும் எண்ணெய் இரண்டு முழங்கையிலும் கொட்டிவிட்டது. என்ன பாட்டு வேண்டும் என்றால் "பாட்டெல்லாம் நமக்கு ஆகாது டீச்சர்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். இரண்டாவது வாரம் அவராகவே கேட்டார், "கொத்துத் தாளம் தெரியுமா ஒங்களுக்கு?" கை இரண்டும் கட்டுக்குள். குதிகாலால் கட்டில் கம்பியில் தட்டிக் காட்டினார். கொத்து பரோட்டா போடும்போது கல்லில் விழுமே, அதே நடை. நான் எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் அதைப் பிடித்தேன். மறுநாள் டிரஸ்ஸிங். சிஸ்டர் சலைன் ஊற்றித் துணியை ஊறவைத்தார். மாஸ்டர் குதிகாலால் தட்டிக்கொண்டே "ரெண்டு முட்டை!" என்று ஆர்டர் சொல்வார், நான் தாளத்தைக் கூட்ட வேண்டும். "சால்னா!" என்றால் நிறுத்த வேண்டும். அவர் "கொத்து" என்றால்தான் சிஸ்டர் அடுத்த சுற்றை இழுப்பார். வலி இல்லாமல் போகவில்லை, நெற்றியெல்லாம் வியர்வை. ஆனால் முதல் வாரம் மூன்று பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்த ஆளை அன்றைக்கு யாரும் பிடிக்கவில்லை. முன்னும் பின்னும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டுக் குறித்துவைப்பேன். முதல் வாரம் பத்து என்றவர் அன்றைக்கு ஆறு என்றார்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அவர் உயிராக நினைக்கும் பாட்டை, அம்மா பாடிய பாட்டை, டிரஸ்ஸிங் நேரத்தில் எடுக்காதீர்கள். நாலு தடவை வலியோடு சேர்ந்துவிட்டால் பிறகு அந்தப் பாட்டே வலியாகிவிடும். அதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் பற்றிச் சுருக்கமாக. தீக்காயத்தில் கிருமி ஏறினால் உயிருக்கே ஆபத்து. வீணை, மிருதங்கம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும், மரத்தையும் தோலையும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்க முடியாது. கை கழுவி, கவுனும் மாஸ்க்கும் போட்டு, போனைச் சுத்தமான பிளாஸ்டிக் கவரில் வைத்துக் கொண்டுபோங்கள். சுருதிக்குத் தம்பூரா ஆப் போதும். காது வெந்திருந்தால் இயர்போனும் ஹெட்போனும் கூடவே கூடாது. காது மடலின் குருத்தெலும்பு அழுத்தம் பட்டாலே கெட்டுப்போகும். தலைமாட்டில் சின்ன ஸ்பீக்கர் வையுங்கள், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத அளவில். காதுக்குள் ரீங்காரம் கேட்கிறது என்று சொன்னால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கிருமியைக் கொல்லக் கொடுக்கும் ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற மருந்துகள் செவியைப் பாதிக்கக்கூடியவை.

புண் ஆறத் தொடங்கியதும் பாட்டின் வேலை மாறும். ஆறும் தோல் சுருங்கி இழுக்கும். அக்குள் ஒட்டிக்கொள்ளும், கழுத்து குனிந்தபடி நின்றுவிடும், வாய் சிறுத்துப்போகும். கழுத்து வெந்தவருக்குத் தலையணை வைக்காதது அதனால்தான். பிசியோதெரபிஸ்ட் வந்து கையைத் தூக்கிப் பத்து எண்ணச் சொல்வார். அந்தப் பத்தைப்போல நீளமான எண்ணிக்கை உலகத்தில் இல்லை. எண்ணிக்கைக்குப் பதிலாக ஒரு வரி பாடுங்கள், வரி முடியும்வரை கை மேலேயே இருக்கட்டும். அக்குள் வெந்த பெண்களுக்குக் கும்மியைப்போல ஒன்றை நான் கண்டதில்லை. கும்மியில் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோயும் தட்டலாம். ஒயிலாட்டம் ஆடிய ஆண்களிடம் ஒரு கைக்குட்டையைக் கொடுத்துப் பாருங்கள். உதடும் கன்னமும் வெந்தவர்களுக்கு உயிரெழுத்துகளே போதும்: "ஆ"வை அகலமாக, "ஈ"யைக் காதுவரை, "ஊ"வைக் குவித்து, ஒவ்வொன்றையும் ஒரே சுருதியில் ஒரு மூச்சு முழுக்க. புகையை இழுத்து நெஞ்சு கெட்டவர்களுக்கு இதுவே மூச்சுப் பயிற்சியும் ஆகும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்டுத்தோல் வைத்திருந்தால் டாக்டர் அனுமதிக்கும்வரை அந்தப் பகுதியை அசைக்கவே கூடாது. அந்த நாட்களில் கேட்க மட்டும் பாட்டு.

வீட்டுக்குப் போன பிறகுதான் அரிப்பு உயிரை எடுக்கும். தழும்பு தடிக்காமல் இருக்க இறுக்கமான உடையை நாளில் 23 மணி நேரம் போட வேண்டியிருக்கும், மதுரை வெயிலில் அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டாம். அதனால் டிஸ்சார்ஜ் அன்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன்: எந்தப் பாட்டுக்குக் கை தூக்கினார், எந்தப் பாட்டில் தூங்கினார், எதைப் போடவே கூடாது. வீட்டில் யார் பாடுவார்களோ அவர் கையில் கொடுத்து, என் முன்னால் ஒரு தடவை பாடச் சொல்வேன். பரோட்டா மாஸ்டரின் தாளில் பாட்டே கிடையாது. காலையும் மாலையும் இருபது நிமிடம், காலி மேசையில், இரண்டு கையாலும் கொத்துத் தாளம் என்று எழுதினேன். அவர் மனைவி எனக்கு முன்னால் அதைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் தாளை வாங்கிக்கொண்டார்.