பேர் கேட்டால் முழுப் பேரைச் சொல்லுங்கள்

டொராண்டோவுக்கு வந்து இறங்கியதும் என்னென்ன செய்ய வேண்டும் என்று யாராவது ஒரு நண்பர் உங்களுக்கு ஏற்கெனவே பட்டியல் அனுப்பியிருப்பார். சின் நம்பர், ஹெல்த் கார்டு, பேங்க் அக்கவுண்ட், பஸ்ஸுக்கு ப்ரெஸ்டோ கார்டு. ஊரில் ஒரு தடவை ரேஷன் கார்டில் முகவரி மாற்றியவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. நான் எழுத உட்கார்ந்தது இங்கிலீஷ் வகுப்பில் முதல் நாள் கேட்கிற முதல் கேள்வியைப் பற்றி. 'வாட்ஸ் யுவர் நேம்?' அதற்கு நான் சொன்ன பதில் என்னுடைய ஏழு மாதத்தைத் தின்றுவிட்டது.

வகுப்பு விவரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பி.ஆர்., அதாவது இங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை, வாங்கி வந்தவர்களுக்கு 'லிங்க்' என்ற இங்கிலீஷ் வகுப்பு இலவசம். குடியுரிமை வாங்கிவிட்டால் அதில் சேர முடியாது, அதனால் தள்ளிப்போடாதீர்கள். சேர்வதற்கு முன் ஒரு தேர்வு வைத்து, கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது நான்குக்கும் தனித்தனியாக சி.எல்.பி. நிலை, அதாவது கனடாவில் மொழித்திறனை அளக்கிற எண், சொல்வார்கள். பின்னாளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, ஐந்து வருடத்தில் 1,095 நாள் இங்கே இருந்த கணக்கோடு, 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள் இங்கிலீஷோ பிரெஞ்சோ தெரியும் என்று காட்ட வேண்டும். கேட்பதிலும் பேசுவதிலும் சி.எல்.பி. 4 போதும். லிங்க் சான்றிதழையே அதற்குக் காட்டலாம். நானும் அதைத்தான் நம்பியிருந்தேன்.

என் பேர் கதிர்வேல். அப்பா பேர் மாடசாமி. பள்ளிக்கூடத்தில் எம். கதிர்வேல். இந்திய பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால், கிவன் நேம் கதிர்வேல், சர்நேம் மாடசாமி என்று ஆனது. நம்மில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும்.

அது ஜனவரி மாதம். ஒரு கட்டடத்தின் பேஸ்மெண்டில் வகுப்பு. வாசலில் எல்லாருடைய பூட்ஸிலிருந்தும் பனி உருகித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். நீலக் கரை போட்டு, மேலே 'ஹலோ, மை நேம் இஸ்' என்று அச்சடித்தது. வருகைப் பட்டியலில் சர்நேம்தான் முதலில் இருந்தது. டீச்சர் அதைப் பார்த்து 'மேட...' என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். இங்கிலீஷ் எழுத்தில் அப்பா பேரின் முதல் மூன்று எழுத்தைப் படித்தால் பைத்தியம் என்று வரும். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நல்ல மனுஷி. பேரின் பின்பாதியைப் பிடித்துக்கொண்டு, "ஸாம் என்று கூப்பிடலாமா?" என்று கேட்டார். நான் "நோ ப்ராப்ளம் மேம்" என்றேன். அவரே மார்க்கரில் ஸாம் என்று எழுதி என் சட்டையில் ஒட்டினார்.

அன்றிலிருந்து தினமும் கையெழுத்துத் தாளில் ஸாம். என் கையாலேயே எழுதினேன். பள்ளியின் பதிவும் அப்படியே மாறிப்போனது. கோர்ஸ் முடிந்து சான்றிதழ் வந்தபோது சி.எல்.பி. 5 என்ற எண்ணைத்தான் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் பேரைப் படிக்கவில்லை. ஸாம் கதிர்வேல் என்று இருந்தது. என் பேர் குடும்பப் பேர் இடத்தில். அப்பா பேரில் ஒரு துண்டு என் பேர் இடத்தில். மூன்று வருடம் கழித்து குடியுரிமைக் கட்டோடு அதை இணைத்து அனுப்பினேன். மொழிச் சான்றில் இருக்கும் பேர் உங்கள் மற்ற ஆவணங்களோடு ஒத்துவரவில்லை என்று திரும்பி வந்தது. திருத்தி வாங்கலாம் என்று போனால் அந்த வகுப்பே மூடியாகிவிட்டது. பழைய தாள்களைத் தேடி எடுத்தவர்களும், எல்லா நாளும் நீங்களே ஸாம் என்றுதானே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றார்கள். என்ன பதில் சொல்ல? கடைசியில் காசு கட்டி, கேட்பதும் பேசுவதும் மட்டும் உள்ள செல்பிப் என்ற இங்கிலீஷ் தேர்வை எழுதி, மறுபடி அனுப்பினேன். எல்லாம் சேர்த்து ஏழு மாதம்.

ஏழு மாதம் போனால் போகட்டும். எனக்கு இன்னும் ஆறாதது வேறு ஒன்று.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சுடலைமாடன் காவல் தெய்வம். ஊருக்குப் பத்து மாடசாமி, பத்து சுடலை, பத்து மாடத்தி இருப்பார்கள். பீடத்துக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளை என்று ஆச்சி வைத்த பேர் அது. அம்மா ஒரு நாளும் அப்பா பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பேர் கேட்டால் என்னை முதுகில் தட்டி முன்னால் தள்ளுவாள், நான்தான் சொல்வேன். அப்பா போன பிறகும் அப்படித்தான். அவள் இங்கே வந்து எங்களோடு இருந்த சமயம், வகுப்பில் கூடப் படித்த ஒருவர் வீட்டுக்கு போன் செய்தார். அம்மா எடுத்தாள். ஸாம் இருக்கிறாரா என்று கேட்டதற்கு "நோ ஸாம்" என்று வைத்துவிட்டாள். "ஸாம்னா யாருடா?" என்றாள். அப்பா பேருதாம்மா என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அவுக பேரையா இப்படி வெட்டி வச்சிருக்க?" என்றாள்.

அதனால் சொல்கிறேன். வகுப்பில் பேர் கேட்பது குசலம் விசாரிப்பது இல்லை, பதிவு தொடங்குகிறது. பி.ஆர். கார்டில் என்ன எழுத்து, என்ன வரிசை இருக்கிறதோ அதையே எல்லாத் தாளிலும் எழுதுங்கள். கூப்பிடச் சுலபமாக ஒரு பேர் வேண்டுமானால் பல படிவங்களில் 'ப்ரிஃபர்டு நேம்' என்று தனிக் கட்டம் இருக்கும். அது அந்தக் கட்டத்தைத் தாண்டி வரக் கூடாது. சான்றிதழ் கைக்கு வந்த அன்றே, டீச்சர் கிளம்புவதற்கு முன், கார்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கிறதா? ஊரிலேயே பிரித்துப் போட்டு மாற்றிக்கொண்டு கிளம்புவது நல்லது. கனடாப் படிவத்தில் முழுப் பேரையும் குடும்பப் பேர் கட்டத்தில் எழுதி, கிவன் நேமைக் காலியாக விடச் சொல்வார்கள். அப்புறம் ஒவ்வொரு கவுண்டரிலும் கதை சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இன்னும் மோசம். டெக்ஸஸில் இருக்கும் என் நண்பனின் லைசென்ஸில் முதல் பேர் எஃப்.என்.யூ. என்று இருக்கிறது. ஃபர்ஸ்ட் நேம் அன்நோன், முதல் பேர் தெரியாது என்று அர்த்தம். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் அவனுக்கு இல்லாமல் இல்லை.

இனிப் பேச்சுக்கு வருகிறேன். இங்கே கொஞ்ச நேரம் பழகியதும் உங்கள் பேருக்கு என்ன அர்த்தம் என்று கேட்பார்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் 'சும்மா சாமி பேர்' என்று முடித்துவிடுகிறோம். அப்படி முடிக்காதீர்கள். இங்கிலீஷ் பேசிப் பழக இதைவிடத் தோதான விஷயம் கிடையாது. கிரிக்கெட், வானிலை எல்லாம் அடுத்தவருக்கும் தெரியும். உங்கள் பேரைப் பற்றி அந்த அறையில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். தப்பாகப் பேசினாலும் கடைசிவரை கேட்பார்கள்.

நாம் தவறுகிற இடங்கள் சில உண்டு. 'மை நேம் இஸ் மீனிங்' என்று தொடங்காதீர்கள். 'மை நேம் மீன்ஸ்' என்று தொடங்குங்கள். தாத்தா பேரை வைத்தார்கள் என்பதை நாம் 'தே கெப்ட் மை கிராண்ட்ஃபாதர்ஸ் நேம்' என்று சொல்லிவிடுகிறோம், அவர்களுக்குப் புரியாது. 'ஐ வாஸ் நேம்டு ஆஃப்டர் மை கிராண்ட்ஃபாதர்' என்பதுதான் அவர்கள் சொல்கிற விதம். பெயரன் என்பதுதான் பேரன் ஆனது, தாத்தா பேரைத் தாங்குகிறவன் என்பதால் எங்கள் மொழியில் பேரப்பிள்ளைக்கே அந்தப் பேர் என்று இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். 'குட் நேம்' என்ற பேச்சே இங்கே இல்லை, அதை விட்டுவிடுங்கள். 'இனிஷியல்' என்றாலும் அவர்களுக்குத் தன் சொந்தப் பேரின் முதல் எழுத்துதான். எம். என்பது என் இனிஷியல் என்றால் உங்களுக்கே எம்-மில் இன்னொரு பேர் இருப்பதாக நினைப்பார்கள். அது அப்பா பேர் என்று நேராகச் சொல்லுங்கள்.

போனில் எழுத்துக்கூட்டும்போது ஹெச் என்று சொன்னால் சிலர் தடுமாறுவார்கள், இங்கே எய்ச். வி சொல்லும்போது கீழுதட்டைப் பல்லில் வையுங்கள், இல்லாவிட்டால் டபிள்யூ எழுதிவிடுவார்கள். கதிர் என்பதை அவர்களாகப் படித்தால் கேத்தர் ஆகிவிடும். 'ஃபாதர்' என்ற சொல்லில் வருகிற அதே 'த' என்று ஒரு தடவை சொல்லிக் கொடுத்தேன், இரண்டாவது வாரம் எல்லாரும் சரியாகக் கூப்பிட்டார்கள். உங்கள் பேரிலும் அப்படி ஒரு பிடி இருக்கும், யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். யாழினி, எழில் என்று ழகரப் பேர் உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல். நாம் இசட்-எச் போட்டு எழுதுகிறோம், யாழ்ப்பாணத்துக்காரர்கள் எல் போட்டு எழுதுவார்கள். ஒரே பேர் இரண்டு பேர் மாதிரி ஆகிவிடும். எது உங்கள் கார்டில் இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு.

செல்பிப்புக்குத் தயாராகிறபோதுதான் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு நூலகத்தில், கூடி உட்கார்ந்து இங்கிலீஷ் பேசிப் பழகுகிற பேச்சு வட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். பணமும் இல்லை, பி.ஆர். தாளும் கேட்க மாட்டார்கள். ஒரு நாள் அங்கே பேர்தான் தலைப்பு. கதிர் என்றால் சூரியனின் கதிர், அதே சொல்தான் நெல்லின் கதிருக்கும், வேல் என்பது முருகன் கையில் இருப்பது என்று சொன்னேன். தாமிரபரணிப் பாசனத்தில் அறுப்புக்கு முன்னால் கதிர் தலை சாய்ந்து நிற்பதைக் கையை வளைத்துக் காட்டினேன். எதிரே இருந்த ஒரு சீன அம்மா சட்டென்று காகித நாப்கினை எடுத்து ஒரு எழுத்து வரைந்தார். குவாங்சோ அவர் ஊர். அந்த ஊருக்கே 'ஸுவே' என்று இன்னொரு பேர் உண்டாம், தானியக் கதிர் என்று பொருளாம். அந்த நாப்கின் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர், தங்களுக்கும் குடும்பப் பேர் கிடையாது, தன் பேர், அப்பா பேர், தாத்தா பேர் என்று போகும் என்றார். அவரையும் இங்கே அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம்.

ஏன் உங்களுக்குக் குடும்பப் பேர் இல்லை என்று கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஒரு காலத்தில் பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவது எங்களிடமும் இருந்தது, 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் அதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள், பேரின் வாலில் சாதி தெரியாதபடி எங்கள் மக்கள் விட்டுவிட்டார்கள் என்று நான் சொல்வேன். சாதி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், அது பொய். வட்டத்தில் இருக்கும் இந்தியர் ஒருவர் இரண்டாவது தடவையாக 'ஃபுல் நேம் என்ன' என்று தோண்டினால் பாஸ்போர்ட்டில் இருக்கும் பேரைச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அவருக்குத் தேவையில்லை.

அடுத்தவர் பேரின் அர்த்தத்தை மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள். எங்கள் வட்டத்துக்கு ஓர் அக்கா வந்தார். அடுத்தடுத்துப் பெண் பிறந்தால் 'வேண்டாம்', 'போதும்பொண்ணு' என்று பேர் வைக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். அந்த மாதிரிப் பேர் அவருடையது. அர்த்தம் கேட்டபோது அவர் தயங்க, இங்கிலீஷ் வராமல் நிற்கிறார் என்று நினைத்து நான் எடுத்துச் சொல்லிவிட்டேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் வெளியே போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல தம்பி, நான் என் பொண்ணு பேரச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். மகள் பேர் நிறைமதி. அடுத்த வாரம் அந்தப் பேரைப் பற்றி அவரே ஐந்து நிமிடம் பேசினார். சொல்ல விருப்பமில்லாத பேர் என்றால் அப்படிச் செய்யலாம். பிள்ளை பேரோ, ஊர்ப் பேரோ, தெருப் பேரோ, யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஸ்கார்பரோ பக்கம் இருப்பவர்கள் வகுப்பில் பதிவு செய்யப் போவதற்கு முன் பாஸ்போர்ட்டோடு நூலகத்துக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள். உங்கள் பேர் எந்தக் கட்டத்தில் எப்படி வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தருகிறேன், டீச்சரிடம் அதையே நீட்டலாம்.